கழன்ற குழாய் எங்கே சேரும்?

மணாலி ஒரு மலை ஊர். இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து வடக்கே போகும் சாலை இன்னும் மேலே ஏறுகிறது. ரோத்தாங் கணவாயில் அது 3,978 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். அதன் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். லாஹௌல் பக்கம் போகிறவர்கள் இப்போது கணவாயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் சுரங்கத்தின் வாசலே 3,000 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. அதுவரை ஏறித்தான் ஆக வேண்டும். திரும்பும்போது இறங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சாலையில் ஓடும் டாக்சிகளில் பல டர்போ டீசல் வண்டிகள். அப்படி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டுப் பேர் ஏறும் வண்டி.

டிரைவர் இரண்டு குறை சொன்னார். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவது கியர் போட வேண்டியிருக்கிறது. இது முதல் குறை. இதைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். இரண்டாவதைப் போகிற போக்கில் சொன்னார். பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறதாம். காலை ஊன்றி மிதித்தால்தான் பிடிக்கிறதாம்.

உண்மையில் இரண்டாவதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வடநாட்டில் மூத்த மெக்கானிக்கை உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள். உஸ்தாத் ஒரு கேள்வி கேட்டார்.

"சமீபத்தில் இந்த வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள், பாயி?"

"போன வாரம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, உஸ்தாத்ஜி. வேறு ஊரில் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டினோம்."

கேள்வி சின்னதுதான். ஆனால் பாதி வேலை இதில் முடிந்துவிட்டது. குழாய் தானாகக் கழல்வது குறைவு. பெரும்பாலும் யாராவது கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள்.

பானட்டைத் திறந்தார்கள். எஞ்சினைச் சுற்றி ரப்பர் குழாய்கள் கொடி மாதிரி ஓடின. மெக்கானிக்குகள் இவற்றை ஹோஸ் என்பார்கள். பென்சில் தடிமனில் இருந்த இரண்டு குழாய்களின் முனை எதிலும் சேராமல் தொங்கியது.

உதவியாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. "இரண்டு முனை தொங்குகிறது, உஸ்தாத்ஜி. ஒரு துண்டுக் குழாயை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்துவிடட்டுமா?"

"வேண்டாம். கையை எடு" என்றார் உஸ்தாத்.

ஏன் வேண்டாம் என்றார்? அதைப் புரிந்துகொள்ள இந்தக் குழாய்களுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும். தண்ணீர் ஓடவில்லை. டீசல் ஓடவில்லை. இவற்றின் வேலையே உள்ளே காற்றில்லாமல் இருப்பதுதான்.

உறிஞ்சுகுழல் வைத்து ஜூஸ் குடிக்கிறோம். வாயால் உறிஞ்சும்போது குழலில் உள்ள காற்று குறைகிறது. வெளியே உள்ள காற்று ஜூஸை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் ஜூஸை மேலே தள்ளுகிறது. காற்றுக்கு அவ்வளவு பலமா என்று கேட்கலாம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தையும் காற்று சுமார் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை எடுத்துவிட்டால் மறுபக்கத்தின் பலம் தெரியும். இப்படிக் காற்று குறைந்த நிலையைத்தான் வெற்றிடம் என்கிறோம். பட்டறைப் பேச்சில் அது வேக்குவம்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது அதன் உள்குழாயிலேயே வேக்குவம் உண்டாகிவிடும். டீசல் எஞ்சினில் அது போதாது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றினால் பம்பும் கூடவே வரும். பம்புக்குப் போகும் குழாய்களையும் கழற்றத்தான் வேண்டும். போன வாரம் நடந்தது இதுதான்.

ஆல்டர்னேட்டரை ஒரு பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும். கூடவே வேக்குவமும் நிற்கும். பேட்டரி விளக்கு எரிந்தால், "பேட்டரிதானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் ஓட்டுகிறார்கள். இப்படிப்பட்ட டீசல் வண்டியில் அந்தச் சிவப்பு விளக்கு பிரேக்குக்கும் சேர்த்து எச்சரிக்கை. உடனே நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

பம்பிலிருந்து ஒரு தடித்த குழாய் கிளம்புகிறது. அது பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. பூஸ்டர் என்பது பெடலுக்கு முன்னால் இருக்கும் உருண்டையான தகர டப்பா. உள்ளே ஒரு தட்டு உண்டு. தட்டின் இரு பக்கமும் வேக்குவம் இருக்கும். பெடலை மிதித்தால் டிரைவர் பக்கம் ஒரு சின்ன வழி திறக்கும். அந்தப் பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழையும். காற்று தட்டைத் தள்ளும். தட்டு பிரேக்கைத் தள்ளும்.

எவ்வளவு பலமாகத் தள்ளும்? தட்டின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் முக்கால் கிலோ அழுத்தம் கிடைத்தாலும் மொத்தம் 235 கிலோ. டிரைவரின் காலுக்கு இவ்வளவு உதவி கிடைக்கிறது. குழாய் கழன்றால் இந்த உதவி போய்விடும். பிரேக் ஆயில் இருக்கும். பிரேக் கட்டைகள் நன்றாக இருக்கும். ஆனாலும் வண்டி நிற்க நெடுந்தூரம் ஆகும்.

உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும். ரோத்தாங் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். எந்தப் பழுதும் இல்லாத வண்டியில்கூட அங்கே பூஸ்டரின் உதவி அந்த அளவுக்குக் குறைந்துதான் கிடைக்கும். அதில் கொஞ்சம் ஒழுகவும் செய்தால் என்ன மிஞ்சும்?

பூஸ்டரில் ஒரு சேமிப்பு உண்டு. குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் உள்ளே இருக்கும் வேக்குவத்தை அது பிடித்து வைத்திருக்கும். இரண்டு அல்லது மூன்று மிதிக்குத் தாங்கும். அதற்குமேல் பெடல் இறுகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் வளைவில் பிரேக் பிடிக்கும். இரண்டாவதிலும் பிடிக்கும். மலையில் வளைவுகள் இரண்டோடு முடிவதில்லை. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சில ரூபாய் டீசலுக்காக ஏழெட்டு உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது.

இனி டர்போவுக்கு வருவோம். எஞ்சின் எரித்துத் தள்ளும் புகைக்கு வேகம் உண்டு. அந்தப் புகை சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். இழுவை கூடும். இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்பிரட் பியூக்கி. சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர். நம் நாட்டில் 1998-இல் டாடா சஃபாரியும் 2002-இல் மகிந்திரா ஸ்கார்ப்பியோவும் டர்போ டீசல் எஞ்சினோடு வந்தன. காற்று மெலிந்த மலையில் டர்போவின் அருமை நன்றாகத் தெரியும்.

டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அதை அதன் போக்கில் விட முடியாது. அளவோடு சுற்ற வைக்க வேண்டும். இந்த வண்டியில் அந்த வேலையை வேக்குவம் செய்கிறது. டர்போவின் பக்கத்தில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி நீள்கிறது. கிண்ணத்துக்கு வேக்குவம் வந்தால் கம்பி உள்ளே இழுக்கும். டர்போவுக்குள் இருக்கும் இதழ்கள் நெருங்கும். புகை போகும் வழி குறுகும். குறுகிய வழியில் புகை வேகமாகப் பாயும். சக்கரம் வேகமெடுக்கும். வேக்குவம் வராவிட்டால் இதழ்கள் விரிந்தே இருக்கும். சக்கரம் மந்தமாகச் சுற்றும். ஏற்றத்தில் வண்டி திணறும்.

எவ்வளவு வேக்குவம் போக வேண்டும்? அதைத் தீர்மானிப்பது வண்டியின் கம்ப்யூட்டர். நடுவில் ஒரு மின்சார வால்வு இருக்கிறது. பெயர் சோலனாய்டு. இதை ஒரு தண்ணீர்க் குழாயின் திருகு என்று நினைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு அது திறக்கும், மூடும்.

உதவியாளின் யோசனைப்படி இரண்டு முனையையும் நேராகச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருகு நடுவில் இல்லாமல் போயிருக்கும். முழு வேக்குவமும் கிண்ணத்துக்குப் போயிருக்கும். இதழ்கள் எப்போதும் நெருங்கியே இருக்கும். வண்டி முதலில் பிரமாதமாக இழுக்கும்! டிரைவரும் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு காற்றழுத்தம் அளவுக்கு மீறும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடலாம். இல்லாவிட்டால் டர்போவும் எஞ்சினும் அடி வாங்கும். டர்போ மாற்றுவது சின்னச் செலவு இல்லை.

அதனால்தான் தொங்கும் முனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. வேர் எங்கே என்று பார்க்க வேண்டும்.

உஸ்தாத் எஞ்சினை ஆற விட்டார். டர்போவின் பக்கம் பல நூறு டிகிரி சூடு இருக்கும். சூட்டில் கை வைத்துத் தேடினால் தோல் உரிந்துவிடும். ஆறிய பிறகு பம்பிலிருந்து ஆரம்பித்தார். தடித்த குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். பூஸ்டருக்கு முன்னால் குழாயில் ஒரு கிளை இருந்தது. கிளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்தது. பிரிந்து ஒரு தகட்டுக்குக் கீழே மறைந்தது.

குழாய் மறையும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அந்தப் பக்கம் வெளியே வரும் குழாய் இதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். உஸ்தாத் அப்படி நினைக்கவில்லை. இந்தப் பக்கம் குழாயை மெதுவாக அசைத்தார். தொங்கும் முனைகளில் எது அசைகிறது என்று உதவியாளைப் பார்க்கச் சொன்னார். பலமாக இழுக்கவில்லை. பழைய ரப்பர் இழுத்தால் பிய்ந்துவிடும்.

முதல் முனை அசைந்தது. இதன் வேர் பம்ப் என்று தெரிந்துவிட்டது. உறுதி செய்ய எஞ்சினை ஓட விட்டார்கள். சட்டைக் கை, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். உஸ்தாத் அந்த முனையில் கட்டைவிரலை வைத்தார். விரலைக் குழாய் கவ்வி இழுத்தது. விரலை எடுத்ததும் உஸ் என்று சத்தம்.

இரண்டு குறைக்கும் காரணம் அந்தச் சத்தம்தான். திறந்து கிடந்த முனை இரவு பகலாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பூஸ்டரில் வேக்குவம் சேரவில்லை. பிரேக் இறுகியது. டர்போவுக்கும் வேக்குவம் போகவில்லை. இழுவை போனது.

இரண்டாவது முனையில் விரல் வைத்தால் ஒன்றும் இல்லை. அதன் மறுமுனையைத் தேடிப் போனால் டர்போவின் கிண்ணம் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, கையால் இயக்கும் ஒரு சின்ன வேக்குவம் பம்பை அந்தக் குழாயில் மாட்டினார்கள். பம்ப் அடிக்க அடிக்கக் கம்பி உள்ளே நகர்ந்தது. அடிப்பதை நிறுத்தினால் அப்படியே நின்றது. கிண்ணத்தில் ஓட்டை இல்லை. இதற்காகச் சிலர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். அது வேண்டாம். உள்ளே எண்ணெய்க் கசடு இருக்கும்.

இப்போது சோலனாய்டைத் தேடினார்கள். அதில் மூன்று மூக்குகள் இருந்தன. இரண்டு காலி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்து இருந்தது. டார்ச் அடித்துத் துணியால் துடைத்தால்தான் தெரிந்தது. ஒன்றில் 'வேக்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பம்பிலிருந்து வரும் குழாய் அங்கே சேர வேண்டும். இன்னொன்றில் 'அவுட்' என்று இருந்தது. டர்போவுக்குப் போகும் குழாய் அதில் சேர வேண்டும். மூன்றாவது மூக்கு காற்று வந்து போகும் வழி. அதற்கு ஒரு சின்ன வடிகட்டி உண்டு. காலியாக இருக்கிறதே என்று அதை அடைத்துவிடக் கூடாது.

குழாய் முனைகள் வெயிலிலும் சூட்டிலும் விரிந்து இறுகிப் போயிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டினார்கள். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

எல்லா டர்போ வண்டியும் இதே மாதிரி இல்லை. சில வண்டிகளில் கிண்ணத்தை இயக்குவது வேக்குவம் இல்லை. டர்போவே அழுத்தித் தரும் காற்று. அங்கே எல்லாம் தலைகீழ். அழுத்தம் கூடும்போது கம்பி வெளியே தள்ளி ஒரு கதவைத் திறக்கும். அதிகப் புகை அந்தக் கதவு வழியாக வெளியேறும். அந்தக் குழாய் கழன்றால் கதவு திறக்காது. வண்டி குறைவாக இழுக்காது, அளவுக்கு மீறி இழுக்கும். பழைய வகை டீசல் பம்ப் உள்ள சில வண்டிகளில் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். டர்போ காற்று வந்துவிட்டது என்று டீசல் பம்புக்குச் சேதி சொல்லும் குழாய் அது. அது கழன்றால் பம்ப் டீசலைக் குறைத்தே கொடுக்கும். இழுவை இருக்காது, கரும்புகையும் இருக்காது. பார்வைக்கு இந்தக் குழாய்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சில வண்டிகளில் பானட்டின் உட்புறம் குழாய்ப் படம் ஒட்டியிருப்பார்கள். அது இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

இத்தனை தேடலும் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. கழற்றுவதற்கு முன் செல்போனில் இரண்டு படம் எடுத்திருந்தால் போதும். அல்லது ஒவ்வொரு குழாயிலும் ஒரு துண்டு ஒட்டுக் காகிதம் சுற்றி, பேனாவால் ஒரு எண் எழுதியிருக்கலாம். அது மாட்ட வேண்டிய மூக்கிலும் அதே எண். சாக்பீஸ் குறி எண்ணெயில் அழிந்துவிடும்.

குழாய் மாட்டியதும் வண்டியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் பிரேக்கைச் சோதித்தார்கள். எந்த டிரைவரும் காலையில் ஒரே நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. எஞ்சின் நின்றிருக்க வேண்டும். பெடலை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். பெடல் இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலுக்குக் கீழே பெடல் கொஞ்சம் இறங்கினால் வேக்குவம் வருகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அந்த வண்டியை மலையில் இறக்கக் கூடாது. அடுத்து, ஒன்றிரண்டு நிமிடம் ஓட விட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். பெடலை மிதித்தால் முதல் மிதி மெதுவாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த மிதியில் இறுக வேண்டும். முதல் மிதியே இறுகினால் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. வால்வைத் திருப்பி மாட்டியிருக்கவும் கூடும். வால்வில் ஓர் அம்புக்குறி இருந்தால் அது பம்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

"இறங்கும்போது திடீரென்று பெடல் இறுகினால் என்ன செய்வது?" என்று டிரைவர் கேட்டார்.

"எஞ்சினை நிறுத்தாதீர்கள், பாயி. பெடலைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் சேமிப்பு கரையும். ஒரே அழுத்தாக, இருக்கிற பலம் எல்லாம் போட்டு மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கை நிதானமாக இழுங்கள். மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள்."

குழாய் மாற்ற வேண்டி வந்தால் வேக்குவத்துக்கென்று செய்த தடித்த சுவர்க் குழாயையே வாங்க வேண்டும். கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய், மருந்துக் கடைக் குழாய் எல்லாம் வேண்டாம். எஞ்சின் சூட்டில் அவை இளகும். வேக்குவம் இழுத்தால் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் மாட்டியிருக்கும், உள்ளே வழி அடைத்திருக்கும். இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது கழன்ற குழாயைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

குளிர்காலத்தில் பனி மூடினால் சில வண்டிகள் வாரக்கணக்கில் நிற்கும். எலிகளுக்கு எஞ்சினின் கதகதப்பும் மறைவும் பிடிக்கும். குழாயைக் கடித்துவிடும். அது முனையில் கழன்றிருக்காது. நடுவில் அடிப்பக்கம் ஓட்டை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வேக்குவக் குழாயில் சோப்பு நீர் தடவிப் பயனில்லை. காற்று வெளியே வராமல் உள்ளே போவதால் நுரை எழும்பாது. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஹோஸ் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பெல்ட், விசிறி பக்கம் போகக் கூடாது. ஓட்டை உள்ள இடத்தில் உஸ் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்கும்.